பிலாத்துவின் தீர்ப்பும் பாதிரிகளின் வியாக்கியானமும்



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு வழக்கைப் பற்றியதாகும். இது நேற்று நடந்த வழக்கல்ல. ஏறக்குறைய 2000 வருஷங்களுக்கு முன், யூதேயா நாட்டில் எருசலேம் பட்டணத்தில், ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் அதிகாரியான பொந்தியு பிலாத்து என்பவன் முன்னிலையில் விசாரிக்கப்பட்டதாகச் சுவிசேஷங்கள் நான்கிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கும் வழக்கு. கைதி, இயேசு. தீர்ப்பு, சிலுவையில் அறைந்து கொல்வது.

இவ்வளவு பழைய வழக்கை இப்போது கிளறுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். வழக்கு பழையதுதான், ஆனால் அதற்குச் சொல்லப்படும் வியாக்கியானம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் அதை நம்பித் தங்கள் நியாய புத்தியை அதற்குத் தக்கபடி வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வியாக்கியானத்தின் பலனாக, எருசலேமைக் கண்ணாலும் பார்த்திராத லக்ஷக்கணக்கான பேர்கள் அடிபட்டும், ஊரை விட்டு விரட்டப்பட்டும், உயிரிழந்தும் போயிருக்கிறார்கள். ஆகையால்தான் இதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கிறிஸ்தவத் தோழர்கள் யாராவது இங்கு வந்திருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. நமக்கு இயேசுவின் பேரில் யாதொரு துவேஷமும் கிடையாது. குற்றம் ருசுவாகாமல் ஒரு மனிதன் தண்டிக்கப்பட்டானென்றால், அவன் எந்தத் தேசத்தானாயிருந்தாலும் நாம் அவன் பக்கத்தில்தான் நிற்போம். அந்தக் கைதியின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இன்று பேசுகிறோம்.

விசாரணை நடந்த விதம்

முதலில் கதையை அவர்கள் புஸ்தகத்தில் உள்ளபடியே பார்ப்போம். பஸ்கா பண்டிகைச் சமயத்தில் இரவில் இயேசுவைப் பிடிக்கிறார்கள். பிரதான ஆசாரியன் வீட்டில் ராத்திரியே ஆலோசனைச் சங்கம் கூடிற்று என்று மாற்கும் மத்தேயுவும் சொல்லுகிறார்கள். விடிந்த பிறகுதான் கூடிற்று என்கிறார் லூக்கா. யோவானோ சங்கத்தின் தீர்ப்பைப் பற்றியே பேசவில்லை. அன்னா என்பவன் விசாரித்துக் காய்பாவினிடம் அனுப்பினான் என்பதோடு விட்டுவிடுகிறார். நடுவில் ஏரோது ராஜாவினிடமும் கைதியை அனுப்பினார்கள் என்பது லூக்காவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ஒரே வழக்கில் நான்கு சாட்சிகள் இப்படி நான்கு விதமாகச் சொன்னால் ஒரு சாதாரண மாஜிஸ்டிரேட்டு என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. பிராது கொண்டுவந்தவர்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று பிலாத்துவின் அரண்மனைக்குள் நுழையவில்லையாம். சீஷர்களோ கைதியை விட்டு ஓடிப்போனார்கள். பின்னால் போன ஒருவரும் ஆசாரியன் வீட்டு முற்றத்தில் அவரைத் தெரியாதென்று மறுதலித்துவிட்டார். அப்படியானால் உள்ளே பிலாத்துவும் இயேசுவும் தனியாய்ப் பேசிக்கொண்ட பேச்சு யார் காதில் விழுந்து யார் எழுதினது? இதற்குப் பதில் இல்லை.

நிற்க, கதை முழுதும் உண்மையென்றே வைத்துக்கொள்ளுவோம். பிலாத்து விசாரிக்கிறான். இந்த மனிதனிடத்தில் ஒரு குற்றத்தையும் காணவில்லை என்று சொல்லுகிறான். ஒரு தரமல்ல, மூன்று தரம் சொன்னான் என்கிறார் லூக்கா. குற்றம் இல்லையென்றால் அடுத்தபடி என்ன செய்ய வேண்டும்? கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பிலாத்து சொன்னது என்ன தெரியுமா? குற்றமில்லை, ஆகையால் அடித்து விட்டுவிடுகிறேன் என்றானாம்! தோழர்களே! குற்றமில்லை என்பதற்கும் அடிப்பதற்கும் நடுவில் இந்த "ஆகையால்" எப்படி வந்து புகுந்தது? அதிகாரத்தில் இருப்பவனுக்குக் கூட்டத்தைக் கண்டு பயம் வந்தால் அவன் பாஷையில் "ஆகையால்" என்பதற்கு இப்படித்தான் அர்த்தம் மாறிப்போகும்.

அதிலும் திருப்தியில்லாத கூட்டம், பரபாஸ் என்பவனை விடு, இவனைச் சிலுவையில் அறை என்று கூச்சலிடுகிறது. பரபாஸ் கலகத்தில் சேர்ந்து கொலை செய்தவன் என்பது லூக்காவின் வாக்கு. பிலாத்து அவனை விட்டுவிட்டான். குற்றமில்லை என்று தானே சொன்ன மனிதனைக் கொல்லக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன், ஜனங்களுக்கு முன்பாகத் தண்ணீர் அள்ளிக் கையைக் கழுவிக்கொண்டு, இந்த ரத்தப் பழிக்கு நான் பொறுப்பாளி அல்ல என்றானாம். இந்தக் கை கழுவல் மத்தேயுவில் மாத்திரம் இருக்கிறது.

பாண்டியன் நெடுஞ்செழியன் கதை உங்களுக்குத் தெரியும். விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். அவன் கள்வன் அல்ல என்று தெரிந்த மாத்திரத்தில் சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விட்டான் என்கிறது கதை. அவன் தெரியாமல் செய்தவன். பிலாத்துவோ தெரிந்தே செய்தவன். ஆனால் ஒரு செம்புத் தண்ணீரோடு காரியத்தை முடித்துக்கொண்டான்!

கிறிஸ்தவர்களுடைய வேதத்திலேயே நீதிமொழிகள் 17-ம் அதிகாரத்தில், துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும் நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும் ஆகிய இருவரும் கர்த்தருக்கு அருவருப்பு என்ற கருத்து இருக்கிறது. பிலாத்து இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆசனத்தில் இருந்து செய்தான். ஆகவே அவன் தீர்ப்பு அக்கிரமமான தீர்ப்பு. இதுவரையில் நமக்கும் பாதிரிமார்களுக்கும் சண்டை இல்லை.

வியாக்கியானம் என்ன சொல்லுகிறது?

சண்டை இனிமேல்தான். இது அக்கிரமம் என்று சொல்லி அதோடு நிறுத்தியிருந்தால், உலகத்துக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். கூட்டத்துக்குப் பயந்து தீர்ப்புச் சொல்லாதே, அதிகாரி கையெழுத்துப் போட்டதனால் அநியாயம் நியாயமாகிவிடாது என்று ஜனங்கள் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் வியாக்கியானக்காரர்கள் அப்படி விடவில்லை. இந்த அநியாயம் நடந்தே தீரவேண்டும், இது கடவுளுடைய ஏற்பாடு, மனிதர் செய்த பாவத்துக்கெல்லாம் யாராவது தண்டனை பெற்றாக வேண்டும், அதைக் குற்றமற்ற ஒருவர் பெற்றுக்கொண்டதால் குற்றவாளிகள் எல்லாரும் தப்பினார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

1098-ம் வருஷத்தில் கான்டர்பரி அத்தியக்ஷரான ஆன்செல்ம் என்பவர் இதற்கு ஒரு கணக்கே போட்டார். மனிதன் கடவுளின் மகிமைக்குச் செலுத்த வேண்டிய கடன் அளவற்றதாம். அதை மனிதனால் தீர்க்க முடியாதாம். ஆகையால் கடவுளே மனிதனாய் வந்து தீர்த்தாராம். அவருக்குப் பிறகு, 16-வது நூற்றாண்டில் ஜினீவாவில் இருந்த கால்வின், கடன் என்பதைத் தண்டனை என்றே ஆக்கினார். இயேசு திருடர் கையிலோ கலகத்திலோ செத்திருந்தால் போதாதாம். நியாயாசனத்தின் முன் நின்று நியாயாதிபதி வாயால் தண்டனை பெற வேண்டுமாம். எந்த வாய் குற்றமில்லை என்றதோ அதே வாய் தண்டித்ததால், அவர் சுமந்தது பிறருடைய குற்றம் என்று ருசுவாயிற்றாம்! 1563-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தில் வெளியான வினாவிடைப் புஸ்தகமும் இதையே பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தது.

பார்த்தீர்களா, தோழர்களே! நமக்கு எது பிலாத்துவின் வெட்கங்கெட்ட முரண்பாடாகத் தோன்றுகிறதோ அதுவே இவர்களுக்கு மோக்ஷத்தின் ரசீதாக ஆகிவிட்டது.

கடன் வேறு, தண்டனை வேறு

இதைக் கேள்வி கேட்டவர்கள் நாம் முதல் பேர்வழிகள் அல்ல. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கேட்டிருக்கிறார்கள். 12-வது நூற்றாண்டில் பாரிஸில் போதித்த அபெலார்டு என்பவர், குற்றமற்றவனுடைய ரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடுமை, அதில் கடவுள் எப்படித் திருப்தி அடைவார் என்று கேட்டார். 1594-ல் வெளியான ஒரு புஸ்தகத்தில் பாஸ்டோ சொசினி என்ற இத்தாலியர் இன்னும் தெளிவாய்ச் சொன்னார். பணக் கடனை ஒருவனுக்காக மற்றொருவன் கொடுக்கலாம். தண்டனையை அப்படி மாற்ற முடியாது என்பதே அவர் வாதம். அதற்கு ஜனங்கள் கொடுத்த பதில் என்ன? 1598-ல் போலந்து தேசத்தில் கிராக்கோ பட்டணத்தில் ஒரு கும்பல், வியாதியாய்ப் படுத்திருந்த அந்த மனிதரைப் படுக்கையிலிருந்து இழுத்துத் தெருவில் கொண்டுவந்து, அவருடைய காகிதங்களை நாசம் செய்தது.

அவர் சொன்னதில் என்ன தப்பு? தம்பி பட்ட கடனை அண்ணன் கொடுத்தால் கடன்காரன் வாங்கிக்கொள்வான், நியாயம்தான். தம்பி செய்த கொலைக்கு அண்ணனைத் தூக்கில் போட்டால் அதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்? பணம் யார் கையிலிருந்து வந்தாலும் பணம். குற்றமோ செய்தவனை விட்டு நகராது. நாணயத்தைப்போல் அதைக் கை மாற்ற முடியாது.

நம் பாட்டிமார் சொல்லும் முட்டாள் ராஜா கதையைக் கேட்டிருப்பீர்கள். திருடப் போனவன்மேல் சுவர் விழுந்து அவன் செத்தான். ராஜா வீட்டுக்காரனைக் கழுவில் ஏற்றச் சொன்னான். அவன் கொத்தன்மேல் போட்டான். கொத்தன் தாசிமேல் போட்டான். அவள் தட்டான்மேல் போட்டாள். கடைசியில் அகப்பட்டவன் ஒல்லியாயிருந்ததால் கழுமரத்துக்குப் பொருந்தவில்லை என்று, தெருவில் போன ஒரு கொழுத்த ஆளைப் பிடித்து ஏற்றச் சொன்னானாம் ராஜா. கேட்டவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். குற்றத்துக்கும் தண்டிக்கப்படுகிறவனுக்கும் சம்பந்தம் வேண்டாம், கழுமரம் காலியாய் இருக்கக் கூடாது என்பதுதானே அந்த ராஜாவின் நியாயம்! பூலோக ராஜா சொன்னால் சிரிக்கிறோம். பரலோக ராஜா சொன்னதாகச் சொன்னால் கண்ணீர் விடுகிறோம். இதுதான் மதம் செய்கிற வேலை.

இதற்குப் பாதிரிமார் ஒரு சமாதானம் சொல்லுவதுண்டு. அவர் தானாக மனமுவந்தல்லவா செத்தார், ஆகையால் அநியாயமில்லை என்பார்கள். கிணற்றில் விழுந்த குழந்தையை எடுக்க ஒருவன் குதித்து, குழந்தையைக் கரையேற்றிவிட்டுத் தான் செத்தால், அவனை நாம் கை எடுத்துக் கும்பிடத் தயார். ஆனால் கிணற்றின் எஜமான், யாராவது ஒருவன் முழுகிச் செத்தாலொழியக் குழந்தையை வெளியே விடமாட்டேன் என்று சட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், அவனையும் சேர்த்துக் கும்பிடுவதா? குதித்தவன் பெருமையைக் காட்டி எஜமானின் கொடுமையை மறைக்கப் பார்க்கிறது இந்தச் சமாதானம். அன்றியும், கெத்செமனே தோட்டத்தில் கூடுமானால் இந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்கட்டும் என்று இயேசு மன்றாடினார் என்றும் அவர்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காய்பாவின் நியாயம்

இந்த வியாக்கியானத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று நாம் தேடிப் பார்த்தோம். வெகு தூரம் போக வேண்டியதில்லை. யோவான் 11-ம் அதிகாரத்திலேயே இருக்கிறது. இயேசுவை விட்டு வைத்தால் ரோமர் வந்து நம் தேசத்தையே அழித்துவிடுவார்கள் என்று சங்கத்தார் பயந்தபோது, பிரதான ஆசாரியனான காய்பா எழுந்து, ஜனங்கள் எல்லாரும் கெட்டுப்போவதைவிட ஒரு மனிதன் சாவது நலம் என்று யோசனை சொன்னானாம். இது என்ன பேச்சு? குற்றம் செய்தானா இல்லையா என்ற கேள்வியையே எடுத்துவிட்டு, யாரைக் கொன்றால் நமக்கு லாபம் என்று கேட்கிற பேச்சு. அதைச் சொன்ன காய்பாவை உலகமெல்லாம் பாவி என்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே யோவான், இது தீர்க்கதரிசனம் என்கிறார்! காய்பா சொன்னால் கொலை பாதகம். அதே வார்த்தையை வேதாந்தமாக்கினால் இரக்ஷிப்பு!

ஒருவனைக் கொடுத்துப் பலரைக் காப்பது என்ற இந்தக் கொள்கை உலகத்தில் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். பிரெஞ்சு ராணுவத்தில் ஆல்பிரெட் டிரைபஸ் என்ற யூத அதிகாரி, ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக 1894-ல் தண்டிக்கப்பட்டு, சாத்தான் தீவு என்ற இடத்தில் அடைக்கப்பட்டார். வேறொருவன் செய்த குற்றம் என்று பின்னால் துப்புக் கிடைத்தது. ஆனால் தீர்ப்பு தப்பென்று ஒப்புக்கொண்டால் ராணுவத்தின் மானம் போய்விடும் என்று மேலதிகாரிகள் மூடி மறைத்தார்கள். அவருக்கு விரோதமான ஒரு காகிதம் தான் செய்த கள்ளக் காகிதமே என்று 1898-ல் ஒரு ராணுவ அதிகாரியே ஒப்புக்கொண்டான். அப்படியும் 1899-ல் இரண்டாந்தரமும் குற்றவாளி என்றே தீர்ப்புச் சொன்னார்கள்! 1906-ல்தான் அவர் நிரபராதி என்று முடிவாயிற்று. ஒரு மனிதன் சாகட்டும், ராணுவம் பிழைக்கட்டும் என்ற நியாயம் காய்பாவின் நியாயமே அல்லாமல் வேறென்ன?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இனி இதைவிடப் பெரிய கொடுமைக்கு வருவோம். சிலுவை ரோமருடைய தண்டனை. தீர்ப்புச் சொன்னவன் ரோமன். ஆணி அடித்தவர்கள் ரோமச் சிப்பாய்கள். யூதருடைய ராஜா என்று சிலுவையில் எழுதி வைத்ததும், அது ரோமாபுரிக்கு விரோதமான ராஜத்துரோகம் என்பதற்காகவே. பிலாத்துவும் சாது அல்ல. ஆலயத்துப் பணத்தை எடுத்துத் தண்ணீர்க்கால்வாய் கட்டினதை எதிர்த்த ஜனங்களைத் தடியால் அடிக்கச் செய்தான் என்றும், சமாரியரை வெட்டிக் கொன்றதற்காகவே அவன் உத்தியோகம் போயிற்று என்றும் ஜோசீபஸ் என்ற யூத சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவன் சுவிசேஷங்களில் மட்டும் இரக்கமுள்ளவனாய் வருவானேன்?

ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்லும் காரணம் இதுதான். சுவிசேஷங்கள் எழுதப்பட்டது, கி.பி. 70-ல் ரோமர் எருசலேமை இடித்துத் தரைமட்டமாக்கின காலத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும். அப்போது ரோம ஆட்சியின் கீழ்ப் பிழைக்க வேண்டிய கிறிஸ்தவர்களுக்கு, தங்கள் குருவைக் கொன்றது ரோமாபுரி என்று சொல்லுவது ஆபத்து. தோற்றுப்போன யூதர்மேல் போடுவது சுலபம். வர வரப் பிலாத்து நல்லவனாகிக்கொண்டே போனான். எத்தியோப்பியா தேசத்துச் சபையில் அவனைப் பரிசுத்தவான் என்றே கொண்டாடுகிறார்கள்!

மத்தேயு மாத்திரம் இன்னொன்று எழுதினார். இவனுடைய ரத்தப் பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருக்கட்டும் என்று ஜனங்களெல்லாம் சொன்னார்களாம். தோழர்களே! ஒரு முற்றத்தில் எத்தனை பேர் நிற்க முடியும்? அன்றைக்கு யூதர்கள் எகிப்தில் இருந்தார்கள், ரோமாபுரியில் இருந்தார்கள், பாபிலோன் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களில் அநேகருக்கு இப்படி ஒரு வழக்கு நடப்பதே தெரியாது. நின்றவர்களே சொன்னார்கள் என்றாலும், பிறக்காத பிள்ளையை அடமானம் வைக்கத் தகப்பனுக்கு என்ன பாத்தியதை? பிள்ளைகளுக்காகப் பிதாக்களும், பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலை செய்யப்படக்கூடாது என்று உபாகமம் 24-ம் அதிகாரத்தில் அவர்கள் வேதமே சொல்லுகிறதே! சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணாதீர்கள் என்று இயேசுவே சொன்னதாக லூக்கா 13-ல் இருக்கிறதே! அவையெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஏறிற்று.

ஏறினதன் பலனைக் கேளுங்கள். 1096-ல் சிலுவை யுத்தத்துக்குக் கிளம்பின கூட்டங்கள், வழியில் ரைன் நதிக் கரையில் உள்ள வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களை ஸ்திரீகள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றன. 1290-ல் இங்கிலாந்திலிருந்தும், 1492-ல் ஸ்பெயினிலிருந்தும் யூதர்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். 1543-ல் சீர்திருத்தக்காரர் என்று பேர் எடுத்த மார்ட்டின் லூதரே, அவர்கள் ஜெபாலயங்களைக் கொளுத்த வேண்டும், வீடுகளை இடிக்க வேண்டும் என்று எழுதினார். ஜெர்மனியில் ஓபரம்மர்கவு என்ற கிராமத்தில் 1634 முதல் இந்த வழக்கை நாடகமாக நடித்து வருகிறார்கள். அதை ஹிட்லர் 1934-ல் போய்ப் பார்த்தான். யூதர்களின் ஆபத்தை இதைப்போல் காட்டுவது வேறில்லை என்று பின்னால் மெச்சினான். அவனுடைய துவேஷம் ஜாதி ரத்தத் துவேஷம், மதத் துவேஷம் மட்டுமல்ல என்பது மெய்யே. ஆனால் அந்த விதை விழுந்த நிலத்தை நூற்றாண்டுகளாக உழுது வைத்தவர்கள் யார்? அவன் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்கள் ஏறக்குறைய 60 லக்ஷம் பேர்.

1965 அக்டோபர் 28-ந் தேதிதான் ரோமன் கத்தோலிக்க சபை தன் மகாசபையில், இயேசுவின் சாவுக்கு அன்றிருந்த யூதர்கள் எல்லார்மேலும், இன்றிருக்கும் யூதர்கள்மேலும் பழி சுமத்தக்கூடாது என்று தீர்மானித்தது. அந்தக் கிராமத்து நாடகத்திலிருந்து ரத்தப் பழிப் பேச்சை எடுத்தது 2000-ம் வருஷத்தில். திருத்திக்கொண்டதை நாம் மெச்சுகிறோம். ஆனால் ஒரு சாதாரண நியாயத்தை ஒப்புக்கொள்ள 1900 வருஷம் ஆயிற்றே, அதற்குள் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்லுவது?

நாம் சிரிக்க யோக்கியதை உண்டா?

இதைக் கேட்டு, கிறிஸ்தவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று நம்மவர்கள் யாராவது சிரித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவலனுக்காகப் பாண்டியன் செத்தது போதாதென்று மதுரைப் பட்டணமே எரிக்கப்பட்டது என்று சொல்லிப் பூரிக்கிறோமே, அந்த ஊரார் செய்த குற்றம் என்ன? ஒரு குழந்தை சேரியில் பிறந்ததற்கும், ஒரு பெண் இளமையில் விதவையானதற்கும் பூர்வ ஜன்ம கர்மம் என்கிறோமே, அந்தக் குற்றப் பத்திரிகையை யாராவது பார்த்ததுண்டா? அங்கே குற்றமற்றவன் தண்டிக்கப்பட்டதைப் புண்ணியம் ஆக்கினார்கள். இங்கே தண்டிக்கப்பட்டவனையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். இரண்டில் எது மோசம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, தோழர்களே! நாம் முடிவாகச் சொல்லுவது இதுதான். அந்த நாளில் எருசலேமில் ஒரு மனிதன் அநியாயமாய்க் கொல்லப்பட்டிருந்தால், அவனுக்குச் செய்யும் மரியாதை அந்தச் சாவை வணங்குவதல்ல. அப்படி ஒரு தீர்ப்பு இன்னொரு மனிதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதே. உங்கள் ஊரில் ஒரு களவு போனால், அகப்பட்டவனைக் கட்டி வைத்து அடிக்கக் கூட்டம் கூடும். ஒருவன் செய்த காரியத்துக்கு அவன் குடும்பத்தையோ, அவன் தெருவையோ தள்ளி வைக்கப் பேச்சு நடக்கும். ஊர் அமைதிக்காக இவன் ஒருவன் போனால் போகட்டும் என்று பெரிய மனிதர்கள் சமாதானம் சொல்லுவார்கள். அப்போது நீங்கள் எழுந்து, "இவன் செய்தான் என்பதற்கு ருசு என்ன?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அன்று அந்த முற்றத்தில் கூச்சலுக்கு நடுவே இப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லாமற்போயிற்று. உங்கள் ஊரில் அந்த ஒரு ஆளாக நீங்கள் இருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.